செட்டிநாட்டு மொட்டை மாடியிலிருந்து யுரேனஸ், நெப்டியூன், வால்வெள்ளி பார்ப்பது எப்படி

சனியின் வளையத்தையும் வியாழனின் நான்கு நிலாக்களையும் பார்த்தாகிவிட்டது, அடுத்து என்ன என்று கேட்கிறவர்களுக்காக இது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று எந்த ஊராக இருந்தாலும் சரி, ஒரு மொட்டை மாடியும் சுமாரான தொலைநோக்கியும் இருந்தால் யுரேனஸ் கிடைக்கும், நெப்டியூன் கிடைக்கும், பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றிரண்டு வால்வெள்ளிகளும் கிடைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை எதுவும் படத்தில் பார்ப்பது மாதிரி இருக்காது. யுரேனஸ் ஒரு சின்னப் பொட்டு, நெப்டியூன் வெறும் புள்ளி, வால்வெள்ளி பல நேரம் வாலே இல்லாத வெளிறிய திட்டு. சுற்றிலும் நூறு நட்சத்திரம் இருக்கும்போது நாம் தேடுவது இதில் எது என்று உறுதியாகச் சொல்ல நம்பகமான வழி ஒன்றுதான்: பார்த்ததை வரைந்து வைப்பது, சில நாள் கழித்து அதே இடத்தை மறுபடி பார்ப்பது, எது நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிடுவது. வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைப் பார்த்தபோது அதை வால்வெள்ளி என்றுதான் நினைத்தார். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது இடம் மாறியிருந்தது, அதை வைத்துத்தான் அது நட்சத்திரம் இல்லை என்று தெரிந்தது. அவருக்கு 168 ஆண்டுகள் முன்பே, 1612 டிசம்பரில், வியாழனை வரைந்துகொண்டிருந்த கலிலியோ பக்கத்தில் நெப்டியூனையும் நட்சத்திரம் என்று நினைத்துக் குறித்துவைத்தார், அதோடு விட்டுவிட்டார். நெப்டியூன் கணக்கில் வந்து சேர 1846 செப்டம்பர் 23 ஆனது. அது எங்கே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே போட்டுக் கொடுத்த கணக்கை வைத்துக்கொண்டு பெர்லினில் கல்லேயும் த'ஆரெஸ்டும் வானத்தையும் வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்; வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி வானத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஆகவே ஒரு கோடு போடாத நோட்டும் பென்சிலும் வாங்கிவிட்டு மேலே படியுங்கள்.

எப்போது, எங்கிருந்து

அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை, நம் பக்கம் வானத்தை நம்ப முடியாது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்து முடித்த பிறகு வானம் தெளியத் தொடங்கும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வெப்பத் தூசியும் சாயங்கால இடிமழையும் மாறி மாறி வரும். ஆடிக் காற்றில் தொலைநோக்கிக் குழாய் ஆடுவதைத்தான் பார்க்கலாம். நிலவை மறக்காதீர்கள்: வளர்பிறையின் பிற்பகுதி மங்கலான எதையும் அடித்துவிடும். பௌர்ணமி கழிந்து நான்கைந்து நாளிலிருந்து அமாவாசை தாண்டி நான்கைந்து நாள் வரை முன்னிரவு நமக்குத்தான்.

இடம் விஷயத்தில் நமக்கு இருக்கும் வசதி பலருக்கும் உறைக்கவில்லை. காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. கிரகங்கள் போகும் பாதை நமக்குத் தலைக்கு மேலேயே வருகிறது, அதனால் காற்றின் மெல்லிய பகுதி வழியாகப் பார்க்கிறோம். அந்தி வெளிச்சம் சீக்கிரம் மறைகிறது, சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வெள்ளிகள் ஐரோப்பாக்காரர்களுக்கு அடிவானத்தோடு சாய்ந்து கிடக்கும்போது நமக்குச் செங்குத்தாக நிற்கும். தென் வானத்திலும் முக்கால்வாசிக்கு மேல் நமக்குத் தெரியும்.

வெளிச்சம்தான் பிரச்சினை. காரைக்குடி டவுனுக்குள் என்றால் யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் பாதகமில்லை, வால்வெள்ளிக்குச் சிரமம். கானாடுகாத்தான் பக்கம் வந்துவிட்டால் தெற்கே மட்டும் காரைக்குடியின் வெளிச்சம் தெரியும், வடக்கும் கிழக்கும் பரவாயில்லை. உங்கள் வீட்டு எதிரிலேயே ஹைமாஸ் விளக்கு இருந்தால் அதை நிறுத்தச் சொல்லி அலைவதைவிட, மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு மூங்கில் கட்டிப் பழைய போர்வையைத் தொங்கவிடுவது சுலபம். அதோடு ஒரு கறுப்புத் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஐபீஸில், அதாவது தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸில், கண்ணை வையுங்கள். தெருவில் போகிறவர்கள் என்னவோ ஏதோ என்று நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுச் சூடு இன்னொரு தலைவலி, இதைப் பற்றி வெளியூர்க் கையேடுகள் சொல்லாது. நம் பழைய வீடுகளின் மாடி கனமான சுண்ணாம்புத் தளம். பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணி வரை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தால் கிரகத்தின் வட்டு குளத்தடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தளத்தில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், எட்டு மணிக்குள் காய்ந்து நன்றாகக் குளிர்ந்திருக்கும். வளவு முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கும் வீடு என்றால் அந்தத் திறப்பின் ஓரமாகத் தொலைநோக்கியை வைக்காதீர்கள், வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று முழுக்க அதன் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. சமையல்கட்டுக்கு மேலேயும் வேண்டாம். தொலைநோக்கியையும் ஒரு மணி நேரம் முன்பே மாடியில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், கண்ணாடியும் வெளிக்காற்றும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்க, உச்சியில் இருக்கும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடித்துக் குவியத்தைக் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள். வட்டமாக விரிந்த வெளிச்சம் கொதித்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள், காப்பி குடித்துவிட்டு வரலாம்.

கருவி

ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். புதிதாக வாங்குவதென்றால் என் ஓட்டு 6 அங்குல டாப்சோனியனுக்கு, அதாவது எளிய தாங்கியில் உட்காரும், கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கிக்கு. கண்ணாடி விட்டம் 150 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ. வருவது நல்ல மாதிரி. குவியத் தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம்: 25 மி.மீ. போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. இந்த இரண்டு ஐபீஸிலேயே இங்கே சொல்லியிருக்கும் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். பெட்டியில் '500 மடங்கு' என்று போட்டு விற்கும் 60 மி.மீ. தொலைநோக்கிகளைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள், ஒரு மி.மீ. விட்டத்துக்கு இரண்டு மடங்குதான் மேல் எல்லை, அதாவது 60 மி.மீ.க்கு 120. அதற்கு மேல் போனால் பெரிதாகும், தெளிவாகாது.

அதோடு ஒரு 10×50 பைனாகுலர். வால்வெள்ளிக்காரர்களுக்குத் தொலைநோக்கியைவிட இதுதான் முக்கியம் என்று நான் சொல்வேன். ஒரே பார்வையில் ஆறு டிகிரிக்கு மேல் தெரியும், திசை தடுமாறாது. கை நடுங்கினால் சாய்வு நாற்காலியில் மல்லாந்து, முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

சிவப்பு விளக்கு ஒன்று வேண்டும், டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் போதும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு தடவை போனைத் திறந்து பார்த்தீர்கள் என்றால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் கண்மாய்க் கரைக்கோ பொட்டலுக்கோ போகும்போது நடப்பதற்கு வெள்ளை டார்ச்தான். சிவப்பு வெளிச்சத்தில் செம்மண்ணில் கிடக்கும் விரியன் கண்ணுக்குத் தெரியாது.

யுரேனஸ்

பொலிவெண் (வெளிச்சத்தைக் குறிக்கும் எண், கூடக் கூட மங்கல்) 5.7 வாக்கில் இருக்கும், நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே விளிம்பில் தெரியும் அளவு, பைனாகுலரில் சாதாரணமாகத் தெரியும். சூரியனை ஒரு முறை சுற்ற 84 ஆண்டு எடுத்துக்கொள்வதால் ஓர் இடத்தில் பழகிவிட்டால் பல ஆண்டு அந்தப் பக்கமே தேடலாம். இன்னும் சில ஆண்டுகளுக்கு அது ரிஷபத்தில்தான் இருக்கும். 2026 கடைசியில் கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் இடைப்பட்ட பகுதியில்; 2027 கடைசியில் ரோகிணிக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி. ஜாதகத்துக்காகவாவது கார்த்திகை எது, ரோகிணி எது என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்: கார்த்திகை என்பது ஆறேழு நட்சத்திரம் நெருங்கி நிற்கும் கொத்து, ரோகிணி அதற்குக் கிழக்கே சிவந்த ஒற்றை நட்சத்திரம்.

சரி, படிப்படியாக. போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலி இருந்தால் அன்றைய நிலையைப் பார்த்துப் பக்கத்து நட்சத்திரங்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் போனை மூடுங்கள். பைனாகுலரில் கார்த்திகையைப் பிடித்து அங்கிருந்து இறங்குங்கள். சந்தேகப்படும் புள்ளி கிடைத்ததும் தொலைநோக்கியை அதே இடத்துக்குத் திருப்பி 48 மடங்கில் பாருங்கள், நடுவுக்குக் கொண்டுவந்து 120க்கு மாறுங்கள். நட்சத்திரங்கள் எல்லாம் கூர்மையான புள்ளியாக இருக்க, இது மட்டும் விளிம்பு மழுங்கிய, வெளிர்ப் பச்சை கலந்த நீல வட்டாக நிற்கும். யுரேனஸின் வட்டு வானத்தில் 3.7 விகலைதான் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை), 120 மடங்கில் பார்க்கும்போது வெறும் கண்ணால் பார்க்கும் முழுநிலவின் கால் பங்கு அகலம் வருகிறது. கணக்கில் பெரிதாகத்தான் இருக்கிறது, ஐபீஸில் முதல் தடவை பார்க்கும்போது அப்படித் தோன்றாது. காற்று அமைதியாக இருந்தால் 200 வரை ஏற்றிப் பாருங்கள். மேகப் பட்டை, வளையம் எதையும் தேடாதீர்கள், 6 அங்குலத்துக்கு அது ஆகாத காரியம்.

ஒரு சின்னத் தொல்லை. ஜனவரி முன்னிரவில் ஒன்பது மணி வாக்கில் யுரேனஸ் நமக்கு ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும். டாப்சோனியனுக்கு உச்சிதான் ஆகாத இடம், குழாய் செங்குத்தாக நிற்கும்போது இடம் வலமாக நகர்த்தவே முடியாது, சுற்றிச் சுற்றி நடக்க வைக்கும். ஏழரை மணிக்கே கிழக்கே சாய்ந்திருக்கும்போது பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதினோரு மணிக்கு மேற்கே சாயட்டும்.

இப்போது படம் வரைவது. கைக்கு அடக்கமான ஒரு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டுக்கொண்டு, அதுதான் 48 மடங்கின் பார்வைப் பரப்பு என்று வைத்து, முதலில் மூன்று பிரகாசமான நட்சத்திரங்களைக் குறியுங்கள். மற்றதெல்லாம் அந்த மூன்றை வைத்து முக்கோணம் முக்கோணமாக. தொலைநோக்கியைத் தள்ளாமல் விட்டால் நட்சத்திரங்கள் நகர்ந்து வெளியேறும் பக்கம் மேற்கு, அதை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். தேதி, மணி, ஐபீஸ் மூன்றையும் கீழே எழுதுங்கள். அழகு முக்கியமில்லை, இடைவெளி முக்கியம். நவம்பர் கடைசியில் யுரேனஸ் ஒரு வாரத்தில் முழுநிலவின் பாதி அகலத்துக்கு நகரும், படத்தில் பளிச்சென்று தெரியும். மழைக்கு நடுவே இரண்டு தெளிந்த இரவு கிடைத்தால் விடாதீர்கள். ஜனவரியில் வேகம் குறைந்துகொண்டே வந்து பிப்ரவரி முதல் பாதியில் ஏறக்குறைய நின்றுவிடும், பிறகு எதிர்த் திசையில் கிளம்பும். நம் ஊரில் வானம் மிகத் தெளிவாக இருக்கும் நேரத்தில்தான் இது நடக்கிறது என்பதால், பிப்ரவரியில் இரண்டு படம் போட்டுப் பார்த்துவிட்டு 'நகரவே இல்லை, இது நட்சத்திரம்தான்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதல் படம் ஜனவரி தொடக்கத்தில், அடுத்தது பிப்ரவரியில், மூன்றாவது மார்ச்சில் என்று வைத்துக்கொண்டால் போய்த் திரும்புவது முழுசாக நோட்டில் வந்துவிடும்.

நெப்டியூன்

பொலிவெண் 7.8, வெறும் கண்ணுக்குக் கிடையாது. சதுரமாக நிற்கும் நான்கு நட்சத்திரங்களில் மேற்குப் பக்க இரண்டும் பூரட்டாதி, கிழக்குப் பக்க இரண்டும் உத்திரட்டாதி. உத்திரட்டாதியின் வடக்கு நட்சத்திரத்திலிருந்து தெற்கு நட்சத்திரத்துக்கு ஒரு கோடு போட்டு, அதே நீளத்துக்கு இன்னும் தெற்கே இழுத்தால் முடிகிற இடத்தைச் சுற்றி மூன்று நான்கு டிகிரிக்குள் 2028 வரை நெப்டியூன் இருக்கும். இது எனக்குப் பிடித்த வழி, போன் இல்லாமலே போய்ச் சேரலாம். அந்தப் பகுதியில் பிரகாசமான நட்சத்திரம் எதுவும் இல்லாததால் பைனாகுலரில் தெரியும் ஒவ்வொரு மங்கல் புள்ளியையும் வரைபடத்தோடு சரிபார்த்துக் கழித்துக்கொண்டே வரவேண்டும்.

அது சூரியனுக்கு நேரெதிரே நிற்பது செப்டம்பர் கடைசியில், நமக்கு மேகம். ஜனவரியில் இருட்டியதும் மேற்கு வானத்தில் பாதி உயரத்தில் இருக்கும், அதைப் பிடியுங்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் மிகவும் தாழ்ந்துவிடும். வட்டு 2.3 விகலை, 120 மடங்கில் நட்சத்திரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம், நிறம் கொஞ்சம் நீலம், அவ்வளவே. இங்கே படம்தான் சாட்சி. ஜனவரியில் ஒரு வாரத்து நகர்வு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். கலிலியோ தவறவிட்டதை நீங்கள் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வால்வெள்ளி

இதற்கு வேறு மனநிலை வேண்டும், கிரகம் மாதிரி ஆண்டுக் கணக்கில் திட்டம் போட முடியாது. எது வந்திருக்கிறது என்பதை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்லோவேனியாவில் இருந்து நடத்தப்படும் கோப்ஸ் என்ற வால்வெள்ளித் தரவுத்தளத்தில் உலகம் முழுக்க ஆட்கள் பார்த்து அனுப்பிய பொலிவெண்கள் தினமும் ஏறும், செய்திகளில் வருவதைவிட அது நம்பகமானது. ஸ்டெல்லேரியத்தின் கணினிப் பதிப்பில் புதிய வால்வெள்ளியின் பாதை விவரத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

பெயரைப் பார்த்தே கொஞ்சம் புரிந்துகொள்ளலாம். 'சி/2023 ஏ3' என்றால் 2023 ஜனவரி முதல் பாதியில் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் மூன்றாவது. 'சி' என்பது பல நூறு ஆண்டுக்கு ஒரு தடவையோ ஒரே ஒரு தடவையோ வருபவை, 'பி' என்பது திரும்பத் திரும்ப வருபவை. 1986இல் வந்துபோன ஹேலி 1பி, மறுபடி வருவது 2061இல்.

பொலிவெண்ணை அப்படியே நம்பக் கூடாது. 7 என்று போட்டிருக்கும், பைனாகுலரில் 7ஆம் பொலிவெண் நட்சத்திரம் சாதாரணமாகத் தெரிகிறதே என்று போவோம், வால்வெள்ளியைக் காணோம். காரணம், அந்த வெளிச்சம் ஒரு புள்ளியில் இல்லை, நிலவில் கால் பங்கோ பாதியோ அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. எனவே தேடும்போது மிகக் குறைந்த உருப்பெருக்கம், அகலமான பார்வை. கண்ணை நேராக வைக்காமல் இடத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பாருங்கள், விழித்திரையின் ஓரம்தான் மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும். அதற்கும் சிக்கவில்லை என்றால் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள்; ஆடும் மங்கல் திட்டு, நின்றுகொண்டிருக்கும் திட்டைவிடச் சுலபமாகக் கண்ணில் படும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், பூமிக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வெள்ளி என்றால் அதற்குள்ளேயே நகர்ந்திருக்கும். நகரவில்லை என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஏதோ விண்மீன் கொத்தாகவோ தொலைவில் இருக்கும் கேலக்ஸியாகவோ இருக்கலாம்.

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வெள்ளிக்கு மாடி போதாது, அடிவானம் வேண்டும். பக்கத்து வீட்டு மாடிகளும் தென்னையும் மறைக்கும். ஊருணிக் கரை, கண்மாய்க் கரை, இதெல்லாம் அதற்குத்தான். விடியற்காலை என்றால் தண்ணீர் கிழக்கே இருக்கும்படி மேற்குக் கரையில் நில்லுங்கள், சாயங்காலம் என்றால் கிழக்குக் கரை. 2024 செப்டம்பர் கடைசியில் சுச்சின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி விடியலில் கிழக்கே தெரிந்தபோது கரையில் நின்றவர்களுக்குத்தான் கிடைத்தது. அதே வால்வெள்ளி அக்டோபர் பாதியில் மாலை வானத்துக்கு வந்தபோது இங்கே பருவமழை தொடங்கிவிட்டது, மேற்கே மேகம்தான். வெளியூரில் போட்ட படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். கரைக்குப் போவதற்கு முன் ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், நடு ராத்திரியில் பைனாகுலரோடு நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். இன்னொன்று, இதில் விளையாட்டே கூடாது: சூரியன் முழுக்க மறைவதற்கு முன் பைனாகுலரை அந்தப் பக்கம் தூக்காதீர்கள், காலையில் சூரியன் எழுவதற்கு நன்றாக முன்பே நிறுத்திவிடுங்கள். ஒரு நொடி சூரியன் பட்டாலும் கண் போய்விடும்.

வால் பற்றிச் சொல்ல வேண்டும். மாடிக்கு அழைத்துக் காட்டினால் முதலில் கேட்பது அதைத்தான். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "வாலு எங்கப்பா, அறுத்துப்புட்டாகளா?" என்றார். பெரும்பாலானவற்றில் கண்ணுக்குத் தெரிவது தலை மட்டும்தான், அதாவது சில கிலோமீட்டர் அகலமுள்ள பனிக்கட்டியும் தூசியுமான கரு சூடாகி விடும் வாயுப் படலம். படத்தில் அது பச்சையாக இருப்பதற்கு இரட்டைக் கார்பன் மூலக்கூறு காரணம். தூசி வால் வளைந்து மஞ்சளாக இருக்கும், அயனி வால் (மின்னேற்றம் பெற்ற வாயு) நேராக நீலமாக, இரண்டும் சூரியனுக்கு எதிர்ப் பக்கம் நோக்கும். அதனால் சூரியன் எங்கே மறைந்தது என்று பார்த்து, அதற்கு எதிர்த் திசையில் தலையிலிருந்து மேலே மேலே பாருங்கள், இருந்தால் அங்கேதான் இருக்கும்.

கண்ணால் பார்த்ததோடு நிற்காமல் பொலிவெண் எவ்வளவு என்று நீங்களே மதிப்பிடலாம், இதுதான் சாதாரண ஆட்கள் செய்யக்கூடிய நல்ல வேலை. குவியத்தோடு வால்வெள்ளியைப் பார்த்து அதன் அளவையும் வெளிச்சத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பொலிவெண் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று அதைவிடக் கொஞ்சம் பிரகாசம், இன்னொன்று கொஞ்சம் மங்கல். குவியத்தைக் கலைத்து அந்த நட்சத்திரங்களை வால்வெள்ளியின் தலை அளவுக்கு ஊதவிடுங்கள். இப்போது மூன்றும் ஒரே அளவுத் திட்டு, எது எதற்கு இடையில் வருகிறது என்று சொல்லலாம். 6.8க்கும் 7.6க்கும் நடுவே, மங்கலின் பக்கம் சாய்ந்து இருந்தால் 7.3 என்று எழுதுங்கள். இரண்டு மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

தலையின் அகலத்தையும் மோட்டார் இல்லாத டாப்சோனியனிலேயே அளக்கலாம். குழாயை அசைக்காமல் விட்டு, தலையின் ஒரு விளிம்பு ஐபீஸின் ஓரத்தைத் தொடுவதிலிருந்து மறு விளிம்பு தொடும் வரை எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) பக்கத்தில் நான்கு விநாடிக்கு ஒரு கலை, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. இருபது விநாடி ஆனால் 5 கலை. வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப் போக இந்தக் கலைக் கணக்கு குறையும், நடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறதோ அதன் கொசைனால் பெருக்கினால் சரியாகிவிடும்.

அனுப்பும்போது உலக நேரம்தான் போட வேண்டும், நம் நேரத்தில் ஐந்தரை மணி நேரம் கழிக்கணும். இரவு 7:30 என்றால் 14:00. விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தது முந்தைய நாள் 23:30 ஆகிவிடும், தேதியும் மாறும், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

பெரிய தொலைநோக்கிகள் செய்வதும் இதேதான்

ஹவாய், சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கிகள் அரை மீட்டர்தான். ஒரே இரவில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்து, எது நகர்ந்தது என்று கணினியை விட்டுத் தேடச் சொல்கின்றன. 2025 ஜூலை 1 அன்று சிலியில் இருக்கும் அட்லஸ் கண்ணில் பட்ட ஒன்றுதான் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நமக்குத் தெரிந்த மூன்றாவது பொருள். இரண்டாவதை 2019 ஆகஸ்டில் கண்டுபிடித்தவர் போரிசோவ் என்ற கிரிமியா ஆர்வலர், 65 செ.மீ. கண்ணாடி போட்டுத் தானே கட்டிய தொலைநோக்கியில். 2023 ஆகஸ்டில் நிஷிமுரா என்ற ஜப்பானியர் 200 மி.மீ. லென்ஸ் போட்ட சாதாரண கேமராவிலேயே ஒரு வால்வெள்ளியைப் பிடித்தார்.

நம் பக்கமும் இந்தக் கதை உண்டு. 1861இல் சென்னை வானாய்வகத்தில் இருந்து போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பெயராக நிற்கும் வைணு பாப்புவுக்கு 1949இல் கண்டுபிடித்த ஒரு வால்வெள்ளியிலும் பங்கு இருக்கிறது. அதே காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் 1977 மார்ச் 10 அன்று பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிரகம் வந்து சேர்வதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கி மீண்டது. அமெரிக்காவின் குயிப்பர் பறக்கும் ஆய்வகமும் அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலிருந்து அதைப் பதிவு செய்தது. அப்படித்தான் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்தது, யாரும் வளையத்தைக் கண்ணால் பார்க்காமலே.

வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களில் பெரும்பாலானவற்றையும் இதே மங்கலை வைத்துத்தான் பிடித்திருக்கிறார்கள். இதை வீட்டில் செய்ய முடியுமா என்றால், முடியும், ஆனால் டாப்சோனியனால் ஆகாது. நட்சத்திரத்தைத் தானாகப் பின்தொடரும் தாங்கியும் கேமராவும் வேண்டும். நம் நல்ல பருவத்துக்குப் பொருந்துவது வாஸ்ப்-43 என்ற நட்சத்திரம். பிப்ரவரி, மார்ச் முன்னிரவில் உயரத்தில் இருக்கும், பொலிவெண் 12.4, அதன் கிரகம் இருபது மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, குறுக்கே போகும்போது வெளிச்சம் சுமார் 2.5 சதவீதம் குறையும். மூன்று மணி நேரம் விடாமல் படம் எடுத்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, வரைபடம் போட வேண்டும். குவியத்தைக் கொஞ்சம் கலைத்து வைத்தால் அளவு நிதானமாக வரும், நட்சத்திரத்தின் நடுப்பகுதி வெளுத்துப்போகும்படி மட்டும் விடாதீர்கள். நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் திட்டம் இப்படி எடுத்த பதிவுகளை வாங்கிக்கொள்கிறது, அதற்கான மென்பொருளையும் இலவசமாகவே தருகிறது.

கடைசியாகப் பராமரிப்பு. பனிக்காலத்தில் வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடி போட்டு வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும், லென்ஸில் பிடித்தால் போகவே போகாது. மூடியைத் திறந்தபடியே காற்றோட்டமான பட்டாலையில் ஒரு ராத்திரி கிடத்திவிட்டு மறுநாள் மூடுங்கள். கண்ணாடியைத் துடைக்கவே துடைக்காதீர்கள், தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பருவமழை தொடங்குவதற்கு முன் ஐபீஸ் டப்பாவிலும் பைனாகுலர் உறையிலும் புது சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், மரப் பெட்டியை விட இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா நல்லது.